ஈஎஸ்பி32 போர்டில் சில பின்கள் மட்டும் அவுட்புட் தரவில்லை, இரண்டு போர்டிலும் இதே கதை

கிணற்றடி
சனி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் வாழைக்கும் காய்கறிக்கும் சொட்டுநீர் நான்கு பிரிவாகப் போகிறது. பிரிவுக்கு ஒரு 24 வோல்ட் ஏசி சோலினாய்டு வால்வு. இவற்றை ஃபோனிலிருந்தே திறந்து மூட நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள போர்டு ஒன்றும், 38 பின் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்) போர்டு ஒன்றும் வாங்கினேன். இதே ரிலே போர்டு ஆர்டுயினோ ஊனோவில் 2, 3, 4, 5 என்ற பின்களில் நன்றாகவே ஓடியது. வைஃபை வேண்டும் என்பதற்காகத்தான் ஈஎஸ்பி32க்கு மாறினேன்.

இப்போது ரிலேக்கள் இருப்பது 34, 35, 12, 14 ஆகிய பின்களில். நடப்பதைச் சொல்கிறேன்.

34, 35 இரண்டும் அசையவே இல்லை. ஹை (3.3 வோல்ட்) கொடுத்தாலும் லோ (0 வோல்ட்) கொடுத்தாலும் ரிலே சும்மா இருக்கிறது. ரிலே வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 0.3, 0.8, 1.1 என்று எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. கையைக் கிட்டே கொண்டு போனால் இன்னும் மாறுகிறது.

12இல் ரிலே வயர் இருந்தால் போர்டு சில நேரம் எழுந்திருப்பதே இல்லை. சீரியல் மானிட்டரில் "ஃபிளாஷ் ரீட் எர்ர், 1000" என்று திரும்பத் திரும்ப வருகிறது. வயரைப் பிடுங்கிவிட்டு ரீசெட் அழுத்தினால் ஓடுகிறது.

14 வேலை செய்கிறது. ஆனால் ரீசெட் ஆகும்போதெல்லாம் ரிலே ஒருமுறை டக்கென்று அடித்து விடுகிறது.

போர்டுதான் கெட்டது என்று நினைத்து வேறு கடையில் இன்னொன்று வாங்கிப் போட்டேன். துளி மாற்றமில்லை. அப்பா தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கையால் வால்வு திறக்கிறார். அவருக்காகத்தான் இதைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். உதவுங்கள்.

சர்க்யூட்காரன்
சனி, இரவு 9.32

நண்பரே, மலிவு போர்டுகளில் இது சகஜம். சிப்பிலேயே சில பின்கள் செத்துப்போய்த்தான் வரும். நல்ல இடத்தில் வேறு ஒன்று வாங்கிப் பாருங்கள்.

பழைய சாலிடர்
சனி, இரவு 10.05

மூன்றாவது போர்டு வாங்க வேண்டாம் தம்பி. வேறு வேறு கடையில் வாங்கிய இரண்டு போர்டிலும் அதே பின்கள், அதே மாதிரி படுத்துக்கொள்கின்றன என்றால் சிப் செத்திருக்க வழியில்லை. செத்துப்போன பின்னாக இருந்தால் போர்டுக்குப் போர்டு இடம் மாறும். இடம் மாறாத கோளாறு வயரிங்கிலோ நிரலிலோ, இல்லை அந்தப் பின்னின் இயல்பிலேயோ இருக்கும். முப்பது வருஷமாக ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கிறேன். சிப்பைக் குற்றம் சொன்ன பத்துத் தடவையில் ஒன்பது தடவை நான்தான் தவறாக இருந்திருக்கிறேன்.

முதலில் ரிலே போர்டை முழுசாகக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஜம்பர் வயர் போதும். எல்இடியின் நீளக் காலை ரெசிஸ்டர் வழியாகப் பின்னுக்கும், குட்டைக் காலை ஜிஎன்டி என்ற 0 வோல்ட் பின்னுக்கும் கொடுங்கள். 3.3 வோல்ட்டில் எல்இடிக்கு 2 வோல்ட் போனால் மீதி 1.3. அதை 330 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 மில்லிஆம்பியர். எந்தப் பின்னையும் இது வருத்தாது. ஒரு நொடி ஹை, ஒரு நொடி லோ என்று சும்மா ஒரு பிளிங்க் நிரலை ஏற்றி, நான்கு பின்னிலும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை, ஆப் எதுவும் இப்போது வேண்டாம்.

மல்டிமீட்டரில் எண் ஓடுகிறது, கை பட்டால் மாறுகிறது என்றீர்களே, அதை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். லோ கொடுத்திருந்தால் அந்தப் பின் ஜிஎன்டியோடு பிடித்துக் கட்டினாற்போல 0 காட்டும். ஹை கொடுத்தது 3.3 காட்டும். நடுவில் அலைகிறது என்றால் அந்தப் பின்னை உள்ளே யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, மிதக்கிறது.

கிணற்றடி
சனி, இரவு 10.48

நன்றி ஐயா. உடனே செய்து பார்த்தேன். 34, 35இல் எல்இடி எரியவில்லை. 12இல் எரிகிறது! 14இலும் எரிகிறது. 12 கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

34ஐ அவுட்புட் என்று அறிவிக்கும் பின்மோட் வரியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கம்பைலும் ஆகிறது, எந்தப் பிழையும் காட்டவில்லை. போர்டின் மேலேயும் மற்ற எண்களைப் போலவே 34 என்று அச்சடித்திருக்கிறார்கள். ஊனோவில் எந்தப் பின்னையும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாமே, இங்கே அப்படி இல்லையா?

மின்னாய்வகம்
ஞாயிறு, காலை 7.20

இங்கே அப்படி இல்லை. நான் பாலிடெக்னிக்கில் ஆய்வகம் பார்க்கிறேன். ஊனோவிலிருந்து ஈஎஸ்பி32க்கு வரும் மாணவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

34, 35, 36, 39 இந்த நான்கும் இன்புட் மட்டும். அவுட்புட்டைத் தள்ளும் டிரான்சிஸ்டர்களே சிப்பில் இந்தப் பின்களுக்கு வைக்கப்படவில்லை. பின்னை ஹை பக்கமோ லோ பக்கமோ லேசாக இழுத்துப் பிடிக்கும் உள் ரெசிஸ்டர்களான புல்-அப், புல்-டவுனும் கிடையாது. அதனால்தான் மிதக்கிறது. என்ன எழுதினாலும் அங்கே அவுட்புட் வராது. கம்பைலருக்கு 34 என்பது வெறும் எண், அது தடுக்காது. 36, 39 இரண்டையும் பல போர்டுகளில் எஸ்விபி, எஸ்விஎன் என்றோ விபி, விஎன் என்றோ அச்சடித்திருப்பார்கள். சென்சார் படிக்க இந்த நான்கும் அருமையான பின்கள். பின்னால் மண் ஈர சென்சார் வைப்பதானால் இங்கே கொடுங்கள்.

உங்களுடையது 38 பின் போர்டு. அதன் ஓரத்தில் சிஎல்கே, எஸ்டி0, எஸ்டி1, எஸ்டி2, எஸ்டி3, சிஎம்டி என்று ஆறு பின்கள் வெளியே வந்திருக்கும். அவைதான் 6 முதல் 11 வரை. மாட்யூலின் தகர மூடிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தோடு சிப் பேசும் வழி அது. நிரலே அங்கிருந்துதான் படிக்கப்படுகிறது. அதில் ரிலேயையோ எல்இடியையோ கட்டினால் சிப் தன் நிரலைத் தானே படிக்க முடியாமல் விழும். தொடவே வேண்டாம்.

1, 3 இரண்டும் யூஎஸ்பி சீரியலுக்கானவை. ரீசெட் ஆனதும் சிப் தன் பூட் செய்திகளை 1 வழியாகத்தான் கொட்டுகிறது. அங்கே ரிலே வைத்தால் அது அந்தச் செய்திக்கு ஏற்பத் தாளம் போடும்.

0, 2, 5, 12, 15 ஆகியவை ஸ்ட்ராப்பிங் பின்கள். மின்சாரம் வந்த கணத்தில் இவற்றில் ஹை இருக்கிறதா லோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் எப்படி எழுவது என்பதைச் சிப் முடிவு செய்கிறது. எழுந்த பிறகு இவை சாதாரணப் பின்கள்தான். உங்கள் 12 எல்இடியோடு ஒழுங்காக ஓடி, ரிலேயோடு மட்டும் மக்கர் செய்யக் காரணம் இது.

14 ஸ்ட்ராப்பிங் பின் இல்லை. ஆனால் பூட் ஆகும்போது அதில் ஒரு சிறு துடிப்பு வந்து போகும். உங்கள் ரிலே அடிப்பது அதனால்தான்.

ரிலேக்கு நான் கொடுக்கச் சொல்வது 23, 19, 18, 27. தேவைப்பட்டால் 4, 13, 21, 22, 25, 26, 32, 33 இருக்கின்றன. 16, 17 இரண்டும் உங்கள் மாட்யூல் ரூம்-32 என்றால் கிடைக்கும். ரோவர் மாட்யூல் என்றால் அவை பிஎஸ்ரேம் என்ற கூடுதல் நினைவகத்துக்குப் போய்விடும். தகர மூடியில் பெயர் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி
ஞாயிறு, காலை 8.05

மேடம், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை. மாட்யூல் ரூம்-32தான்.

12 மட்டும் இன்னும் உறுத்துகிறது. ரிலே போர்டின் ஐஎன் என்பது இன்புட்தானே, அது எப்படி என் போர்டின் பின்னை ஹை ஆக்க முடியும்? அப்படியே ஆக்கினாலும் எப்போதும் ஆக்க வேண்டும். சில நேரம் எழுகிறது, சில நேரம் எழவில்லை, அது ஏன்?

பழைய சாலிடர்
ஞாயிறு, காலை 9.15

நல்ல கேள்வி. ரிலே போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஐஎன் கம்பி எங்கே போகிறது என்று தெரியும். விசிசி (மின்சாரம் வரும் பின்) 5 வோல்ட்டில் தொடங்கி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு ஆப்டோகப்ளருக்குள் (ஒளி வழியாகச் சைகை கடத்தும் பாகம்) இருக்கும் எல்இடி, பிறகு மேலே சிவப்பாக எரியும் இண்டிகேட்டர் எல்இடி, கடைசியில் ஐஎன். இவ்வளவும் ஒரே வரிசை. நீங்கள் லோ கொடுத்தால் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் இந்த வழியாக உங்கள் பின்னுக்குள் இறங்கும், ரிலே அடிக்கும். அதாவது ஐஎன் எப்போதும் 5 வோல்ட்டின் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ஈஎஸ்பி32 எழும் கணத்தில் 12ஐ உள்ளே ஒரு புல்-டவுன் லேசாகக் கீழே பிடித்திருக்கும், சுமார் 45 கிலோ ஓம். மேலிருந்து ரிலே போர்டு இழுக்கிறது. அந்தச் சன்னமான மின்சாரத்தில் இரண்டு எல்இடியும் சேர்ந்து இரண்டரை வோல்ட் போலச் சாப்பிடும். 5இல் அது போக மீதி இரண்டரை வோல்ட் பின்னில் நிற்கும். சிப் ஒரு பின்னை ஹை என்று உறுதியாக எடுத்துக்கொள்வது விநியோக வோல்ட்டேஜின் முக்கால் பங்கில், அதாவது 3.3க்கு 2.48 வோல்ட்டில். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பாருங்கள். வெயில், சார்ஜர், எல்இடியின் குணம் எது கொஞ்சம் மாறினாலும் ஒருநாள் ஹை என்று படிக்கும், ஒருநாள் படிக்காது.

12 ஹை என்று படித்துவிட்டால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும். உங்கள் மாட்யூலில் இருக்கும் ஃபிளாஷுக்கு 3.3 வேண்டும். அரை வயிற்றோடு அது ஒழுங்காகப் படித்துக் கொடுக்காது. நீங்கள் பார்த்த "ஃபிளாஷ் ரீட் எர்ர்" அதுதான்.

முடிந்தால், அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே 12க்கும் ஜிஎன்டிக்கும் இடையில் அளந்து சொல்லுங்கள்.

கிணற்றடி
ஞாயிறு, காலை 9.58

2.51 வோல்ட்! கணக்கு அப்படியே வருகிறது. இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது.

சர்க்யூட்காரன்
ஞாயிறு, காலை 10.20

நான் நேற்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். 12ஐத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிப்புக்குள் இருக்கும், ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ஈஃப்யூஸை எரித்து ஃபிளாஷ் வோல்ட்டேஜை 3.3 என்று நிரந்தரமாக்கிவிடலாம். அதன் பிறகு 12ஐச் சிப் பார்க்காது.

மின்னாய்வகம்
ஞாயிறு, காலை 10.31

சரிதான். ஆனால் ஈஃப்யூஸ் ஒருமுறை எரித்தால் எரித்ததுதான், திருப்ப முடியாது. தவறான மதிப்பை எரித்துவிட்டால் போர்டு போனது போனதுதான். இவருக்கு வேறு பின்கள் காலியாக இருக்கின்றன, அதனால் வேண்டாம்.

நான்காம் பருவம்
ஞாயிறு, பகல் 12.40

இந்த இழையிலேயே என் சந்தேகத்தையும் கேட்கிறேன். என்னுடையது ஊனோ. 7ஆம் பின்னில் எல்இடி எரிகிறது, ஆனால் ரொம்ப மங்கல். இருட்டில் வைத்தால்தான் தெரிகிறது. 8இல் அதே எல்இடி பளிச்சென்று எரிகிறது. 7 பாதி எரிந்துபோய்விட்டதா?

மின்னாய்வகம்
ஞாயிறு, பகல் 12.52

7க்குப் பின்மோட் எழுதியிருக்கிறீர்களா? ஊனோவில் இருக்கும் அட்மெகா328பி சிப்பில், பின் இன்னும் இன்புட்டாக இருக்கும்போது டிஜிட்டல்ரைட் ஹை கொடுத்தால் உள் புல்-அப் ரெசிஸ்டர் மட்டும் இணையும். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். அதன் வழியாக எல்இடிக்குப் போவது 0.1 மில்லிஆம்பியர் போல. மங்கலாக எரிய அது போதும்.

நான்காம் பருவம்
ஞாயிறு, பகல் 1.04

ஆமாம் மேடம், 7க்கு எழுதவே இல்லை. 8க்கு மட்டும் இருக்கிறது. சரிசெய்ததும் பளிச்சென்று எரிகிறது.

அப்படியானால் பின் உண்மையிலேயே எரிந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய சாலிடர்
ஞாயிறு, பகல் 2.30

மின்சாரத்தை முழுசாக எடுத்துவிட்டு, பின்னில் எதுவும் கட்டியிருக்காமல், மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைக்கவும். சிவப்பு முனையை ஜிஎன்டியிலும் கறுப்பு முனையைப் பின்னிலும் வையுங்கள். ஒவ்வொரு பின்னுக்குள்ளும் ஜிஎன்டியிலிருந்து ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கிறது. நல்ல பின் 0.5, 0.6, 0.7 என்று ஏதாவது காட்டும். பக்கத்தில் இருக்கும் நாலைந்து பின்களையும் அளந்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்கும். ஒரு பின் மட்டும் 0 காட்டினால் உள்ளே ஷார்ட். எதுவுமே காட்டாமல் திறந்து கிடந்தால், ஒன்று உள்ளே அறுந்திருக்கிறது, இல்லை வெளியே சாலிடர் விட்டிருக்கிறது. எண்ணைவிடப் பக்கத்துப் பின்னோடு ஒப்பிடுவதுதான் முக்கியம்.

பின் எரிவது எப்போது என்றால், மோட்டாரையோ ரிலே காயிலையோ நேராகப் பின்னில் கட்டும்போது. ஊனோவில் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியருக்குள் நின்றுகொள்வது நல்லது. 40 என்பது தாங்கும் உச்சம். ஒரு 5 வோல்ட் ரிலே காயில் 70 ஓம் இருக்கும், அதாவது 71 மில்லிஆம்பியர் கேட்கும். போதாததற்கு, நிறுத்தும்போது காயில் எதிர்த்திசையில் உதைக்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடும் இல்லாமல் யாரும் ரிலேயைத் தொட வேண்டாம். கடையில் வாங்கும் ரிலே போர்டுகளில் இவை இருக்கும். வெறும் ரிலேயை வாங்கிப் பிரெட்போர்டில் குத்துகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாடித்தோட்டம்
ஞாயிறு, மாலை 5.15

என்னிடம் ஒற்றை ரிலே போர்டு இருக்கிறது. ஈஎஸ்பி32இன் 23இல் கட்டியிருக்கிறேன். லோ கொடுத்தால் அடிக்கிறது. ஹை கொடுத்தால் விடமாட்டேன் என்கிறது, பிடித்தது பிடித்தபடியே. பின்னை அளந்தால் 3.3 சரியாக வருகிறது. ஆப்டோகப்ளர் எதுவும் போர்டில் தெரியவில்லை.

பழைய சாலிடர்
ஞாயிறு, மாலை 6.40

ஆப்டோகப்ளர் இல்லாத அந்த வகைப் போர்டில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர்தான் இருக்கும். அதன் எமிட்டர் 5 வோல்ட்டில். அணைய வேண்டுமானால் பேஸும் கிட்டத்தட்ட 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஹை 3.3தான். நடுவில் 1.7 வோல்ட் மிச்சம் நிற்கிறது, டிரான்சிஸ்டர் திறந்திருக்க 0.6 போதும். அதனால் அணையாது. கிணற்றடி தம்பியின் போர்டில் அதே 1.7 வோல்ட் இரண்டு எல்இடிகளை எரிக்கப் போதாது, அதனால் அங்கே அணைகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நீலப் பெட்டிகள், உள்ளே நடப்பது வேறு.

உங்கள் போர்டை ஈஎஸ்பி32இல் நேராகக் கட்டி வைத்திருக்கவும் வேண்டாம். பின் மிதக்கும்போது அந்த 5 வோல்ட் சிப்புக்குள் நுழையப் பார்க்கும். நடுவில் ஒரு பிசி547 போடுங்கள். பேஸுக்கு 4.7 கிலோ ஓம் வழியாக 23, எமிட்டர் ஜிஎன்டி, கலெக்டர் ரிலே போர்டின் ஐஎன். நிரலில் ஹை, லோ இரண்டும் இடம் மாறும், அவ்வளவுதான்.

மாடித்தோட்டம்
ஞாயிறு, இரவு 8.20

பிசி547 போட்டேன், இப்போது விடுகிறது. மிக்க நன்றி ஐயா.

கிணற்றடி
திங்கள், இரவு 8.45

ரிலேக்களை 23, 19, 18, 27க்கு மாற்றினேன். இருபது தடவை ரீசெட் அழுத்தினேன், இருபது தடவையும் எழுந்தது. ஆனால் இரண்டு புதுத் தொல்லை.

ஒன்று: மின்சாரம் கொடுத்ததும் நான்கு ரிலேயும் ஒன்றாக அடித்து, நாலைந்து நொடி பிடித்துக்கொண்டு, பிறகு விடுகின்றன. நான்கு வால்வும் ஒரே நேரத்தில் திறந்துவிடும்.

இரண்டு: அந்த முதல் அடியில் மட்டும் அல்ல, எப்போதுமே 19இல் இருக்கும் ரிலே சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை. போர்டை விரலால் அழுத்தினால் அடிக்கிறது.

மின்னாய்வகம்
திங்கள், இரவு 9.10

முதலாவதுக்கு, நிரலில் முதலில் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியை வரிசையாகச் சொல்லுங்கள். எது முதலில், எது பிறகு?

கிணற்றடி
திங்கள், இரவு 9.16

முதலில் நான்கு பின்மோட். அடுத்து சீரியல். அடுத்து வைஃபை இணையும்வரை காத்திருக்கும் சுற்று. அதன் பிறகு நான்கு டிஜிட்டல்ரைட் ஹை.

மின்னாய்வகம்
திங்கள், இரவு 9.22

அதேதான். பின்னை அவுட்புட் என்று அறிவித்த உடனே அது லோவில் நிற்கும். உங்கள் ரிலேக்கு லோ என்றால் அடி என்று பொருள். வைஃபை இணைய நாலு நொடி ஆனால் நாலு நொடியும் வால்வு திறந்திருக்கும். ரூட்டர் அணைந்திருந்தால் இணையும்வரை திறந்தேதான் கிடக்கும். தண்ணீர் விஷயத்தில் இதை விட்டுவைக்கக் கூடாது.

ஒவ்வொரு பின்மோட்டுக்கும் அடுத்த வரியிலேயே அதன் டிஜிட்டல்ரைட் ஹையை எழுதிவிடுங்கள். இடையில் போவது சில மைக்ரோ நொடிகள். ரிலேயின் தகடு அசையவே சில மில்லி நொடி வேண்டும், அதனால் அடிக்காது. ஊனோவில் வைஃபை இல்லாததால் இந்த இடைவெளி உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பழைய சாலிடர்
திங்கள், இரவு 9.50

19க்கு நான் சொல்கிறேன். அழுத்தினால் அடிக்கிறது என்ற ஒரு சொல்லே போதும். பிளிங்க் நிரலை 19இல் ஓடவிட்டு மல்டிமீட்டரால் மூன்று இடத்தில் தொட்டுப் பாருங்கள். மாட்யூலின் ஓரத்தில் அரைவட்டமாக இருக்கும் 19இன் பேடு, பிறகு போர்டின் அடிப்பக்கம் பின் குத்தியிருக்கும் சாலிடர், பிறகு ஜம்பர் வயரின் மறுமுனை. 3.3 எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. முனை வழுக்கிப் பக்கத்துப் பேடில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரெட்போர்டையும் சந்தேகப்படலாம். நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீல வரிசைகள் நடுவில் அறுந்திருக்கும். கோடு தொடர்ந்து போவது போலத் தெரிந்தாலும் உள்ளே தகடு இரண்டு துண்டு.

கிணற்றடி
செவ்வாய், இரவு 9.30

கண்டுபிடித்துவிட்டேன் ஐயா!

மாட்யூலின் பேடில் 3.3, 0, 3.3, 0 என்று அழகாக மாறுகிறது. பின்னின் முனையில் தொட்டால் ஒன்றும் இல்லை. போர்டைக் கவிழ்த்து, அப்பா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை வைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மற்றப் பின்களில் சாலிடர் கோயில் கோபுரம் போலப் பேடிலிருந்து சரிந்து பின்னில் ஏறியிருக்கிறது, பளபளக்கிறது. 19இல் மட்டும் பின்னின்மேல் ஒரு சாம்பல் நிற உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. உருண்டைக்கும் பேடுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்பு வட்டம். விரலால் பின்னை ஆட்டினால் அந்த வட்டம் ஒரு பக்கம் அகலமாகிறது, மறுபக்கம் மூடுகிறது.

ஃபிளக்ஸ் தொட்டு, காய்ச்சிய முனையைப் பேடும் பின்னும் சேரும் இடத்தில் மூன்று நொடி வைத்து, கொஞ்சம் சாலிடர் கொடுத்தேன். உருண்டை இளகித் தட்டென்று பேடில் பரவியது. இப்போது எப்படி ஆட்டினாலும் 19 நிற்கவில்லை. செட்டப்பையும் மாற்றினேன், நான்கு ரிலேயும் அமைதியாக எழுகின்றன.

பழைய சாலிடர்
செவ்வாய், இரவு 9.41

டிரை சாலிடர், அதாவது பேடில் ஒட்டாத சாலிடர். நன்றாகப் பார்த்துச் சொன்னீர்கள் தம்பி. சாலிடர்மேல் முனையை வைக்காமல் பேடையும் பின்னையும் சேர்த்துச் சூடேற்றினீர்களே, அதுதான் சரியான கை. மற்ற 37 பின்னையும் ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

கிணற்றடி
புதன், இரவு 7.55

பெட்டியில் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு ரிலே, இரண்டு ரிலே வரை சரி. மூன்றாவது அடித்ததும் போர்டு ரீசெட் ஆகிறது. "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிக்கர்ட்" (வோல்ட்டேஜ் குறைந்துவிட்டது) என்று வருகிறது. வீட்டில் லேப்டாப்பில் இருந்தபோது வரவில்லை. அங்கே பழைய ஃபோன் சார்ஜர் ஒன்றில், மூன்று மீட்டர் யூஎஸ்பி கேபிளில் கட்டியிருக்கிறேன். ரிலே போர்டின் விசிசி ஈஎஸ்பி32இன் 5 வோல்ட் பின்னிலிருந்து போகிறது.

மின்னாய்வகம்
புதன், இரவு 8.20

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரிலேக்கு 71 மில்லிஆம்பியர் என்றால் நான்குக்கு ஏறக்குறைய 285. வைஃபை அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 தனியாக உறிஞ்சும். அதற்கு மட்டுமே 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய விநியோகம் வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. இவ்வளவும் மூன்று மீட்டர் மெல்லிய கேபிளில் வந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். மூன்று ரிலே ஓடும்போது 5 வோல்ட் பின்னை அளந்தால் தெரியும்.

ரிலே போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் 2 ஆம்பியர் விநியோகம் கொடுங்கள். அதன் ஜிஎன்டியையும் ஈஎஸ்பி32இன் ஜிஎன்டியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் எந்த ரிலேயும் அடிக்காது.

கிணற்றடி
வியாழன், இரவு 9.05

அளந்தேன், 4.3 வோல்ட்தான் இருந்தது. தனி விநியோகம் போட்டேன். முதலில் ஜிஎன்டி சேர்க்க மறந்து, ஒன்றுமே அடிக்காமல் அரைமணி நேரம் தேடினேன். பிறகு நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துச் சேர்த்தேன். நான்கு வால்வும் ஒன்றாகத் திறந்தாலும் போர்டு அசையவில்லை.

நாளைக் காலை 4 மணிக்கு முதல் பிரிவு தானாகத் திறக்கும்படி வைத்திருக்கிறேன். அப்பா நம்பவில்லை, எழுந்துபோய்ப் பார்க்கத்தான் போகிறார்.

வலைத்தறி
வெள்ளி, காலை 6.50

நான் ஈஎஸ்பி32-எஸ்3 வைத்திருக்கிறேன். மேடம் கொடுத்த பின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

மின்னாய்வகம்
வெள்ளி, காலை 7.15

கூடாது, எஸ்3இல் எல்லாமே இடம் மாறுகிறது. அங்கே ஸ்ட்ராப்பிங் பின்கள் 0, 3, 45, 46. யூஎஸ்பி 19, 20இல் இருக்கிறது, அதனால் நான் இவருக்குச் சொன்ன 19ஐ அங்கே ரிலேக்குக் கொடுத்தால் யூஎஸ்பி போய்விடும். ஃபிளாஷும் பிஎஸ்ரேமும் 26 முதல் 32 வரை. ஆக்டல் பிஎஸ்ரேம் உள்ள மாட்யூல் என்றால் 33 முதல் 37 வரையும் போய்விடும். உங்கள் மாட்யூலின் முழுப் பெயரைச் சொல்லுங்கள், நான்கு பின் எடுத்துத் தருகிறேன்.

கிணற்றடி
வெள்ளி, காலை 7.40

4 மணிக்குத் திறந்தது, 4.40க்கு மூடியது. அப்பா வாழைக்கு நடுவில் டார்ச்சோடு நின்று சொட்டுநீர்க் குழாயின் எமிட்டரில் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து படுத்துவிட்டாராம். அம்மா சொன்னார்.